வண்டியை விட்டு நகராதீங்க என்ற காஜா மைதீன்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வழக்கம்போல எஞ்சின் ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. இருபுறமும் பஸ்களும் நெல் லாரிகளும் வரிசை கட்டி நின்றன. மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. கூத்தாநல்லூரிலிருந்து காஜா பாயின் மருமகன்.

"சவரி அண்ணே, மாமா மவுத்தாயிட்டாங்க. காலையில தொழுகைக்கு எந்திரிச்சாங்க, நெஞ்சு அடைக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். வந்துடுங்க."

கேட் திறந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரன் அடித்து, பிறகு இறங்கியே வந்து, "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தினேன். கை ஹேண்டில் பாரை விடவில்லை.

நினைவுக் கூட்டத்தில் படிக்க ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்கார்கிறேன். ஒரு பக்கத்தில் முடியவில்லை. காஜா மைதீன் அவர்களை அறிந்தவர்களுக்கு அவருடைய வகுப்பு தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாலைவனத்தில் வண்டி நின்று தனியே மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று பதினைந்து வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர் அவர். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. அவர் ஏன் அப்படி அலைந்தார் என்பது அவர் இருந்தவரை இரண்டே பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவர் போய்விட்டார். இன்னொருவன் நான்.

ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் குறுவைச் சாகுபடி கைநழுவிப் போன வருடங்கள் அவை. டீக்கடையில் பாஸ்போர்ட் பேச்சுதான். நானும் கலியமூர்த்தியும் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரே ஊர், ஒரே வயது. ஒரே ஏஜெண்டு மூலமாக, ஒரே விமானத்தில் சவுதி போனோம். பாலைவனத்தில் குழாய் பதிப்பதற்கு முன்னால் நிலம் அளக்கும் கம்பெனி அது. எனக்கு அளவுகோல் பிடிக்கிற வேலை. கலியமூர்த்திக்குச் சமையற்கட்டு. ஊரில் அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி பெயர் மல்லிகா.

காஜா பாய் அந்தக் கேம்பில் டிரைவர். எங்களுக்கு நான்கு வருடம் முந்தி வந்தவர். முதல் நாள் நான் பார்த்தது, அவர் குப்பூஸ் ரொட்டியை நின்றபடியே தின்றுகொண்டு கூடாரத்தைச் சுற்றி நடந்ததை. உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மனிதருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

கம்பெனி எல்லோருக்கும் ஒரு பாதுகாப்புப் புத்தகம் கொடுத்திருந்தது. இங்கிலீஷ். யாரும் பிரித்ததில்லை. நான் ஐ.டி.ஐ. படித்தவன் என்று தெரிந்ததும் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"படிச்சு தமிழ்ல சொல்லு சவரி. புரியாததைப் புரிஞ்ச மாதிரி மட்டும் சொல்லாத."

படித்தேன். சொன்னதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. வெயில் நேரத்தில் மணலின் மேல்பரப்பு கொதிக்கும், ஒரு முழம் தோண்டினால் சூடு குறையும் என்று அதில் எழுதியிருந்தது. கேம்ப் மருந்தகத்தில் ஜுரம் பார்க்கிற தர்மாமீட்டரை வாங்கிவந்து மணலில் செருகினார். சிறிது நேரத்தில் பட்டென்று உடைந்தது. மருந்தகத்துக்காரர் திட்டியதைக் கேட்டு நின்றுவிட்டு வந்து, இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்தார். ஒன்றை மணல்மேல் படுக்க வைத்தார். இன்னொன்றைப் பிக்கப் வண்டியின் அடி நிழலில், முழங்கை ஆழத்தில் புதைத்தார். மதியம் மேலே கிடந்தது உருகிக் கறையாகிவிட்டது. புதைத்ததைத் தோண்டி எடுத்தோம். விறைப்பாக, நேராக இருந்தது.

"சரி. இது உண்மை. அடுத்ததைப் படி," என்றார்.

இப்படி அந்தப் புத்தகத்தை இருவருமாக இரண்டு மாதத்தில் முடித்தோம். கலியமூர்த்தி சமையற்கட்டு வாசலில் நின்று சிரிப்பான். "பாயும் இவனும் பரீட்சைக்குப் படிக்கறாங்க" என்பான்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, குழாய் இணைப்புச் சாமான்களோடு வெளிக் கேம்ப் ஒன்றுக்கு எங்கள் மூவரையும் அனுப்பினார்கள். அங்கே சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டதால் கலியமூர்த்தியும் வந்தான். வழியில் மணற்காற்று பிடித்தது. காற்று அடங்கியபோது தடம் இல்லை. தடத்தைத் தேடிப் போன வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, முன்பக்கம் பாறையில் மோதி, சக்கரத்தைத் திருப்பும் தண்டு முறிந்தது. வண்டியின் வயர்லெஸ் பெட்டி பழுது பார்க்கப் போயிருந்தது. நாங்கள் வருவதாக வெளிக் கேம்புக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. சனிக்கிழமைக்கு முன்னால் எங்களை யாரும் தேடப்போவதில்லை என்பதை இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் காஜா பாய் சொல்லிவிட்டார்.

"கேன்ல பன்னெண்டு லிட்டர் தண்ணி இருக்கு. வண்டியை விட்டு யாரும் நகரக் கூடாது. வண்டி தூரத்துலேர்ந்து தெரியும். மனுசன் தெரிய மாட்டான்."

பிறகு வேலை வாங்கினார். வண்டிக்கு அடியில் மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினோம். சீட்டுகளைக் கழற்றிக் குழிக்குள் போட்டோம். நீலத் தார்ப்பாயை வெயில் வரும் பக்கம் கட்டினோம். கலியமூர்த்தி சட்டையைக் கழற்றப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "வேர்வை சட்டையில இருந்தாத்தான் உடம்பு குளிரும். தலையையும் மூடு. வாயை மூடு. மூக்கால மூச்சு விடு. பேசாத." அவனிடமிருந்த ரொட்டிப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தின்றால் செரிக்கத் தண்ணீர் வேண்டும். ரேடியேட்டரில் பச்சை நிறத்தில் ஒரு திரவம் இருந்தது. அது விஷம். புத்தி தடுமாறும்போது யாராவது திறந்துவிடக்கூடும் என்று மூடியைக் கம்பியால் சுற்றி முறுக்கினார். அதைச் செய்யும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீரை அவர் கஞ்சத்தனமாகக் கொடுக்கவில்லை. தாகம் எடுத்தால் ஒரு டம்ளர் முழுசாகக் குடிக்கச் சொன்னார். "தண்ணி வயித்துல இருந்தாத்தான் உசிரு. கேன்ல இருந்தா அது வெறும் கேன்."

வியாழன் மாலை, உபரி டயரின் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, என்ஜின் ஆயிலில் நனைத்த துணியை வைத்துக் கொளுத்தினார். கன்னங்கரேலென்று புகை எழுந்தது. யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் எதையும் கொளுத்தவில்லை. அதுதான் கலியமூர்த்தியால் தாங்க முடியாததாகப் போயிற்று.

"நாலு டயர் சும்மா மாட்டியிருக்கு. கொளுத்த வேண்டியதுதானே பாய்?"

"இன்னைக்கு லீவு கலியமூர்த்தி. பாக்கறதுக்கு ஆள் இல்லாத நேரத்துல எரிச்சா டயர்தான் போகும். நாளைக்கு வண்டிங்க ஓடும். நாளைக்கு எரிப்போம்."

"நாளைக்கு வரைக்கும் இருப்போமா?"

"இருப்போம். அசையாம இருந்தா இருப்போம்."

அசையாமல் இருப்பது. அதைச் சொன்னவர் வாழ்க்கையில் ஒரு நாள்கூட அசையாமல் இருந்தவரில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் குழிக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தன. நாங்கள் பயந்துவிடக்கூடாது என்பதற்காக அவர் தன் உடம்போடு மல்லுக்கட்டினார் என்பது எனக்குப் பின்னால் விளங்கியது.

சனிக்கிழமை வெளுக்கும் நேரம். இரண்டு நாட்களாகக் கண் மூடாத காஜா பாய் அசந்துவிட்டார். கலியமூர்த்தி என் தோளைத் தொட்டான். மேற்கே கம்பம் போல ஒன்று தெரிகிறது, வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம், வா என்றான். நான் பார்த்தேன். எனக்கும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. தெரிய வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

கேனில் மூன்று லிட்டர்போல மிச்சம். ஒரு பாட்டில் நிறைய நான்தான் ஊற்றினேன். இருவரும் கிளம்பினோம். இருபது முப்பது அடி போயிருப்போம். எனக்குக் கால் எழவில்லை.

"நீ முன்னால போ. நான் பாயை எழுப்பிச் சொல்லிட்டு வர்றேன்," என்றேன்.

"சீக்கிரம் வாடா."

திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். பாயை எழுப்பவில்லை. அவன் போய்ச் சேர்ந்தால் எல்லோரும் பிழைப்போம், இல்லாவிட்டாலும் நான் இங்கே இருக்கிறேன் என்று நினைத்தேன். இதை எழுதுவதற்குத்தான் மூன்று நாள் ஆயிற்று.

வெயில் காலில் பட்டதும் அவர் விழித்தார்.

"கலியமூர்த்தி எங்க?"

"தெரியல பாய். நானும் தூங்கிட்டேன். தண்ணியை எடுத்துட்டுப் போயிருக்கான்."

அவர் கேனைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தடத்தோடு நடந்தார். வண்டியை விட்டு நகரக்கூடாது என்றவர், ஏறு வெயிலில் ஒரு மணி நேரம் போய்த் தேடிவிட்டு, உதடு வெடித்துத் திரும்பி வந்தார். மேட்டுக்கு அப்பால் பாறை, பாறையில் தடம் இல்லை என்றார். அதற்குப் பிறகு நான்கு டயர்களையும் கழற்றினோம். ஒன்று அணையுமுன் அடுத்ததை வைத்தார். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன லாரி ஒன்று அந்தப் புகையைப் பார்த்து மாலை நான்கு மணிக்கு வந்து நின்றது.

கலியமூர்த்தியை மறுநாள் காலை கண்டுபிடித்தார்கள். எங்கள் வண்டியிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இல்லை. மேற்கே கம்பம் எதுவும் இருக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டிருந்தான். பக்கத்தில் பாட்டில் கிடந்தது. அதில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அடையாளம் காட்ட காஜா பாய்தான் இறங்கிப் போனார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

உடல் ஊர் வந்து சேர இரண்டு மாதமானது. அதற்குள் பேச்சு வந்துவிட்டது. தண்ணீர் மூன்று பேருக்குப் பத்தாது என்று டிரைவர்தான் ஒருவனை நடக்கவிட்டுவிட்டாராம். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். யார் கிளப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை. கலியமூர்த்தி தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினான் என்று நான் சொன்ன பொய்யைக் காஜா பாய் எவரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பழி அவரை விட்டுப் போயிருக்கும். செத்தவன் பெயர் கெட்டிருக்கும்.

கம்பெனியை விட்டுவிட்டு அவர் ஊருக்கு வந்ததும் முதலில் போனது மல்லிகாவைப் பார்க்கத்தான். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே நாலு பேர் மறித்தார்கள். "எந்த முகத்தோட வந்தீங்க?" என்று கேட்டார்கள். அவர் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். நான் அப்போது ஊரில்தான் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்.

ஒரு வேன் வாங்கி ஓட்டினார். கல்யாணம், வேளாங்கண்ணி, திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம் என்று எந்தச் சவாரியானாலும் போவார். போகிற ஊரிலெல்லாம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் எங்கே என்று விசாரித்து, மாடியேறி, ஒரே விஷயத்தைக் கேட்பார்: "போறவங்களை ஒரு மணி நேரம் என்கிட்ட விடுங்க." பாதிப் பேர் பைத்தியம் என்று துரத்தினார்கள். மன்னார்குடியில் ஒருவர் சம்மதித்தார். பிறகு திருவாரூர், அதிராம்பட்டினம் என்று பரவியது. நான் அந்த நேரத்தில் நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தேன். தார்ப்பாய் தூக்கவும் குழி தோண்டவும் கூடப் போனேன். அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். வராதே என்றும் அவர் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலில் வகுப்பு நடக்கும். மெழுகுவர்த்தியைப் புதைத்துக் காட்டுவார். வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு விரலுக்கு நடுவே தூரத்து வண்டியைக் குறிவைத்து, வெளிச்சத்தை அந்த விரல்மேல் விழவைத்து அடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். ரயில் பாதையில் போன கார்டு ஒருவர் அந்த வெளிச்சத்துக்குக் கொடியை ஆட்டினார் என்று ஒரு நாள் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஒரு முறை டயர் கொளுத்திக் காட்டினார். புகை எழும்பிய கால் மணி நேரத்தில் வரப்போரம் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வைக்கோல் போர் எரிகிறது என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். தலைமை அதிகாரி இறங்கி, "யாருங்க இதுக்குப் பொறுப்பு?" என்றார்.

"நான்தான். எவ்வளவு தூரத்துல புகை தெரிஞ்சுதுங்க?"

"என்ன கேள்வி இது? ஆறு மைலுக்கு அப்பாலேர்ந்து கூப்பிட்டிருக்கான்."

காஜா பாய் வகுப்பின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. ஆறு மைலு. ஒரே டயரு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்சரித்து அனுப்பினார். மறு மாதம் அவருடைய மைத்துனர் குவைத் போவதற்கு முன்னால் இதே வகுப்பில் வந்து உட்கார்ந்தார்.

ஓமனிலிருந்து ஒரு நாள் போன் வந்தது. மூன்று பேர் ஒன்றரை நாள் மாட்டிக்கொண்டார்களாம். "பாய், நீங்க சொன்ன மாதிரி வண்டிக்கு அடியிலயே படுத்துட்டோம். ஹெலிகாப்டர்காரங்க தார்ப்பாயைப் பார்த்துட்டாங்க." பேசிமுடித்து என் கடை வாசலில் நெடுநேரம் நடந்தார். பிறகு என்னிடம், "மூணு பேரு சவரி. மூணு பேரும் வந்துட்டாங்க," என்றார். எனக்கு அந்த எண்ணிக்கையைக் கேட்டு அங்கே நிற்க முடியவில்லை.

திருவாரூரில் ஒரு மண்டபத்தில் நடந்த வகுப்புக்கு மல்லிகா வந்தது அதற்கு அடுத்த வருடம். கூடவே அவளுடைய தம்பி. டிரைவர் வேலைக்குக் கிளம்புகிறவன். முப்பது பேருக்கு நடுவில், நின்றபடியே கேட்டாள்.

"நீங்க சொல்லிக்கொடுக்கறது உண்மைன்னா என் வீட்டுக்காரரு ஏன் திரும்பி வரல?"

காஜா பாய் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"என்னால அவரை நிறுத்த முடியலம்மா. வண்டி என் பொறுப்புல இருந்துச்சு. நான் தூங்கிட்டேன். அது என் தப்பு."

"தண்ணிகூடக் கொடுக்காம அனுப்புனீங்கன்னு சொல்றாங்களே."

"இல்லம்மா. அவரு தண்ணியோடதான் போனாரு. பாட்டிலை நானே பார்த்தேன்."

"நீங்கதான் சொல்றீங்க. வேற யாரு சொல்லுவா? செத்தவரு வந்து சொல்லுவாரா?"

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க எனக்கு மூன்று அடி தூரம்கூட இல்லை. காஜா பாய் நான் இருந்த பக்கமே பார்க்கவில்லை. "தம்பியை உட்கார வைங்கம்மா," என்றார். "என்மேல கோவம் இருக்கட்டும். அவரு திரும்பி வரணும்." மல்லிகா தம்பியை விட்டுவிட்டு வெளியே போய் வாசலில் நின்றாள்.

திரும்பும் வழியில் வேனில் நாங்கள் இருவர் மட்டும். வாய்க்கால் மதகு ஓரம் நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன். சொன்னேன். தண்ணீர் ஊற்றியது, கூட நடந்தது, திரும்பியது, எழுப்பாதது, எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டு மதகின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். பிறகு, "தெரியும்," என்றார்.

"எப்படி?"

"அன்னைக்குத் தடத்தோடதானே போனேன். முப்பது அடி வரைக்கும் ரெண்டு ஆளு தடம். அப்பறம் ஒண்ணு திரும்பியிருந்துச்சு. உன் செருப்பு இடது குதிகால் தேஞ்சிருக்கும்."

"ஏன் பாய் கேக்கல?"

"கேட்டேனே. தூங்கிட்டேன்னு சொன்னே. மறுபடி கேட்டா மறுபடி பொய் சொல்லுவே. ஒருத்தன் போயிட்டான், உன்னையாவது கொண்டுபோய்ச் சேக்கணும்னு இருந்துச்சு. அப்பறம் ஊருக்கு வந்து, நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

மதகின் கோடி வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்: "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது சவரி? எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்றே. தெரியாதவங்களுக்குச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கலியமூர்த்தியின் கருமாதியில் முதலில் உடைந்து அழுதவன் நான். அந்த வீட்டில் என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறார்கள். ஒவ்வொரு வருடம் போகப் போக வாசற்படி உயர்ந்துகொண்டே போயிற்று. காஜா பாய் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்புகளில், "எங்க வண்டியில ஒருத்தர் நடந்து போனாரு, நல்ல மனுசன், பொறுமை மட்டும் இல்லாமப் போச்சு," என்று சொல்லும்போது குரல் மாறாது. நான் அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாயை மடிக்க வெளியே போய்விடுவேன். சர்க்கரை நோய் வந்து பாதத்தில் புண் வைத்த பிறகும் அவர் நடையை விடவில்லை. போன மாதம்கூட அதிராம்பட்டினத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்.

கேட் ஓரத்தில் வண்டியோடு நின்ற அந்தக் காலையில், கூத்தாநல்லூருக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் ஊருக்குத் திரும்பினேன். மல்லிகா களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே நின்று, "காஜா பாய் தவறிட்டார்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கையால் உளுந்தைப் பரப்பினாள். மீதியையும் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

உளுந்தைப் பரப்பிய அவள் கை ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது.

"நீங்கதான் தண்ணி ஊத்திக் கொடுத்தீங்களா?"

"ஆமா."

"பாட்டில் நிறையவா?"

"நிறைய. கண்டுபிடிச்சப்ப பாதி மிச்சம் இருந்துச்சு. பாய் சொன்னது உண்மை."

"மிச்சம் இருந்துச்சா," என்றாள். "எப்பவும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தாகூட எனக்குன்னு ஒரு பிடி மிச்சம் வெப்பாரு." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "இத்தனை வருசமா நாக்கு வறண்டு செத்தாருன்னு நெனச்சு நான் தண்ணி குடிக்கறப்பெல்லாம்..." முடிக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அவரு உசிரோட இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்ண்ணே. ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தாகூட நான் போய்ப் பார்த்திருப்பேன்."

அண்ணே என்று அவள் சொன்னது அதுதான் கடைசியாக இருக்கலாம். இருந்தால் அது நியாயம்தான். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். என் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள்.

கூத்தாநல்லூரில் அவர் வீட்டுத் தெரு கொள்ளவில்லை. முகம் தெரியாத ஆட்கள் எத்தனையோ பேர். ஜனாஸாவை நானும் சற்று தூரம் தோளில் சுமந்தேன். மண்ணும் போட்டேன். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலிலிருந்தே உள் கூடம் தெரிந்தது. காஜா பாயின் மனைவி நூர்ஜகான் அம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மல்லிகா நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்று நூர்ஜகான் அம்மாள் கேட்டார்கள்.

"கலியமூர்த்தி வீட்டுலேர்ந்து வர்றேன்."

அம்மாள் கையை நீட்டினார்கள். மல்லிகா அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரரு பேரைச் சொல்லி துஆ கேக்காம அவங்க ஒரு நாளும் தொழுகையை முடிச்சதில்லம்மா," என்று அம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது. மல்லிகா தலையை அம்மாளின் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த இரண்டு பெண்களும் அப்படியே இருந்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். உள்ளே போக எனக்கு இடம் இல்லை.

காஜா பாய், தெரியாதவங்களுக்குச் சொல்லு என்றீர்கள். மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களைத் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கும்போது சொல்லாதது என்னோடு இருக்கும். உங்கள்மேல் இருந்த பழி இன்றோடு இறங்கியது. உறங்குங்கள்.